உள்ளூர் போக்கிமான் கார்டுப் போட்டியில் தோற்றவர் என்ன கற்றுக்கொள்ளலாம்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு, சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். கேட்டிருப்பவர் ஒரு கல்லூரி மாணவர். போக்கிமான் கார்டு ஆட்டத்தை இதுவரை டிசிஜி லைவ் செயலியில் மட்டுமே ஆடி வந்தவர். அங்கே தோல்வியைவிட வெற்றியே அவருக்கு அதிகம். அண்மையில் முதன்முறையாக, கடை ஒன்றில் நடந்த லீக் சேலஞ்ச் என்ற உள்ளூர்ப் போட்டிக்கு, சாரிஸார்ட் இஎக்ஸ் என்ற போக்கிமானை மையமாகக் கொண்ட டெக்குடன் (கார்டுக் கட்டுடன்) சென்று, நான்கு சுற்றுகளில் ஒன்றில் மட்டும் வென்றிருக்கிறார். "மூன்றாம் சுற்றில் பாஸஸ் ஆர்டர்ஸ் கார்டு கடைசி வரை கைக்கு வரவே இல்லை, அதிர்ஷ்டம் இல்லாமல் தோற்ற ஆட்டத்தில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது, அடுத்து லீக் சேலஞ்சைவிடப் பெரிய லீக் கப் போட்டியில் கலந்துகொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

அவர் ஆட்டத்தின் விவரத்தையும் எழுதி அனுப்பியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. டெக்கில் இருந்த பாஸஸ் ஆர்டர்ஸ் கார்டுகள் இரண்டு. அவற்றில் ஒன்று தொடக்கத்திலிருந்தே கையில் இருந்தது; இரண்டாவது முறை தன் வாய்ப்பு வந்தபோது, கையிலுள்ள அனைத்தையும் கழித்துவிட்டு ஏழு கார்டுகளை எடுக்கத் தரும் ப்ரொஃபசர்ஸ் ரிசர்ச்சை ஆடியதில் அது கழிவுக் குவியலுக்குப் போய்விட்டது. மற்றொன்று பிரைஸ் கார்டுகளுக்குள் கிடந்ததை ஆட்டம் முடிந்து புரட்டிப் பார்த்தபோதுதான் கண்டிருக்கிறார்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒவ்வொருவரின் டெக்கிலும் 60 கார்டுகள் இருக்கும். தொடக்கத்திலேயே அவற்றில் ஆறு கவிழ்த்து வைக்கப்படும். அவையே பிரைஸ் கார்டுகள். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போது ஒன்றையும், வீழ்ந்தது வலிமை மிகுந்த இஎக்ஸ் வகையானால் பெரும்பாலும் இரண்டையும் எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுப்பவர் வெல்கிறார். பாஸஸ் ஆர்டர்ஸ் என்பது எதிராளியின் பெஞ்சில், அதாவது பின்வரிசையில் பதுங்கியிருக்கும் போக்கிமானை முன்னே இழுத்து வந்து அடிக்க உதவும் கார்டு. கடைசி இரண்டு பிரைஸை எடுத்து ஆட்டத்தை முடிக்கப் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருப்போம்.

இப்போது அதிர்ஷ்டத்தின் கணக்கைப் பார்ப்போம். டெக்கில் இரண்டு பிரதிகள் உள்ள ஒரு கார்டில் குறைந்தது ஒன்றாவது பிரைஸில் போய் மாட்டிக்கொள்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு, அதாவது ஐந்து ஆட்டங்களுக்கு ஒன்று. இவ்வளவு அடிக்கடி நேரக்கூடிய ஒன்றை அதிர்ஷ்டக் கேடு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. அதை எதிர்பார்த்துத்தான் ஆட வேண்டும். முதல் முறை ஆடும்போதே நெஸ்ட் பால் கார்டால் டெக்கைத் தேடியதாக அவரே எழுதியிருக்கிறார். டெக்கில் தெரிபவை, கையில் இருப்பவை, மேசையில் இறங்கியிருப்பவை ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்து எது குறைகிறதோ அதுவே பிரைஸில் இருக்கிறது. அந்த நேரத்தில் பாஸஸ் ஆர்டர்ஸைத் தேடியிருந்தால், கையில் இருப்பதே தனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பிரதி என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் ரிசர்ச்சை ஆடுவதே சரியாக இருந்திருக்கலாம், ஏனெனில் முதல் சாரிஸார்டே மேசைக்கு வராமல் கடைசி அடியைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை. ஆனால் அப்போது அது தெரிந்தே எடுத்த முடிவாக இருந்திருக்கும். கழிந்த சப்போர்ட்டர் வகைக் கார்டுகளை (பாஸஸ் ஆர்டர்ஸும் அந்த வகைதான்) டெக்கில் திரும்பக் கலக்கித் தரும் பால் பேடைத் தேடிப் பிடிக்கும் எண்ணமும் அதோடு சேர்ந்து வந்திருக்கும்.

"இதே கணக்கைச் செயலியிலும் போடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். போடலாம், ஆனால் போடுவதில்லை. தோற்றதும் பொத்தானை அழுத்தினால் அடுத்த எதிராளி வந்துவிடுகிறார், தோற்ற ஆட்டம் அதோடு மறந்துவிடுகிறது. கடைப் போட்டியில் சுற்று சீக்கிரம் முடிந்துவிட்டால் அடுத்த மேசை எண்ணை அறிவிக்கும்வரை சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. செயலியில் கிடைக்காத அந்த இடைவெளிதான் என் பார்வையில் உள்ளூர்ப் போட்டி தரும் மிகப் பெரிய பயன். நூறு ஆட்டம் ஆடினால் தானாக வந்துவிடும் என்று சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், எந்த இடத்தில் உங்களுக்கு உண்மையாகவே இரண்டு வழிகள் இருந்தன, எதை எடுத்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள். முடிவு என்ன ஆனது என்பதை அந்த வரியில் எழுத வேண்டாம்.

இரண்டாவது பயன், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேச முடிவது. ஆட்டம் முடிந்து கையெழுத்திட்ட பிறகு, "அப்போது உங்கள் கையில் என்ன இருந்தது, நான் எதைச் செய்துவிடுவேனோ என்று அஞ்சினீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். உங்கள் டெக்கையே எடுத்துக்கொள்வோம். சாரிஸார்ட் இஎக்ஸின் அடி 180. எதிராளி எடுத்திருக்கும் ஒவ்வொரு பிரைஸுக்கும் அதோடு 30 கூடுகிறது. அவர் இரண்டு எடுத்திருந்தால் 240, நான்கு எடுத்திருந்தால் 300. ஆகவே விவரமான எதிராளி, கைக்கு எட்டிய சிறு போக்கிமானை வேண்டுமென்றே வீழ்த்தாமல் விட்டு, உங்கள் அடி தன் முக்கியப் போக்கிமானைச் சாய்க்கும் அளவுக்கு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வார். திரையில் பார்த்தால் அவர் ஏதோ தடுமாறுவது போலத் தோன்றும். கேட்டால்தான் காரணம் புரியும்.

உண்மையாகவே கார்டு வராமல் தோற்கும் ஆட்டங்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நான்கு பிரதிகள் வைத்திருக்கும் கார்டுகூடத் தொடக்கக் கையின் ஏழு கார்டுகளில் வருவதற்கான வாய்ப்பு 40 விழுக்காடுதான். அதேபோல், நேரடியாக மேசையில் இறக்கக்கூடிய அடிப்படைப் போக்கிமான்கள் டெக்கில் எட்டே எட்டு இருந்தால், ஒன்றுகூட இல்லாத தொடக்கக் கை ஏறத்தாழ 35 விழுக்காடு ஆட்டங்களில் வரும். பன்னிரண்டு இருந்தால் அது 19 ஆகக் குறைகிறது. அப்படி வரும் ஒவ்வொரு முறையும் நீங்கள் மறுபடி கலக்க வேண்டும், எதிராளியோ ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். இது டெக் அமைப்பின் விளைவு, அன்றைய நாளின் குற்றமல்ல. அதற்காக ஒரு போட்டியில் தோற்றதுமே பத்துக் கார்டுகளை மாற்றிவிடாதீர்கள்; எழுதி வைத்த வரிகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் ஒன்றிரண்டை மாற்றிப் பாருங்கள்.

லீக் கப்புக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டிய சுற்றுகளாக இருக்கும் என்பதால், ஒரு சுற்றுக்குரிய 50 நிமிடத்தை அந்த ஆட்டங்களுக்குப் பகிர்ந்து ஆடப் பழகிக்கொள்வது அவசியம். செயலியில் உங்கள் நேரமும் எதிராளியின் நேரமும் தனித்தனியே ஓடும். இங்கே இருவருக்கும் பொதுவாக ஒரே கடிகாரம். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி மட்டுமே என்பதால், நேரம் தீர்ந்து சமநிலையில் முடியும் சுற்று ஏறக்குறையத் தோல்விக்குச் சமம். முதல் ஆட்டம் கைநழுவிவிட்டது என்று தெரிந்ததும் அதை விட்டுக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தை அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்வதும் ஒரு திறமைதான். நண்பர் ஒருவருடன் கடிகாரம் வைத்து இதைப் பழகலாம். போகும் முன் ஸ்லீவ்களையும் (கார்டுகளைப் போட்டு வைக்கும் உறைகளையும்) ஒருமுறை பாருங்கள்; மூலை மடங்கிய ஸ்லீவ் அடையாளமிட்ட கார்டாகக் கருதப்பட்டு நடுவரிடம் தண்டனை வாங்கித் தரலாம். போட்டியில் எழுதிக் கொடுக்கும் டெக்லிஸ்டும் (கார்டுகளின் பட்டியலும்) கையிலுள்ள 60 கார்டுகளும் ஒத்துப்போகின்றனவா என்று வீட்டிலேயே எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.