நிரப்பித்தான் ஆக வேண்டுமா, அக்கா?

வணக்கம் நண்பர்களே. திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். மாலைக் காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது. இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே பேசலாம் என்றால் பக்கத்து வீட்டில் மாவு அரைக்கிறார்கள்.

என் மடியில் இருக்கும் இந்தக் காகிதக் கட்டைப் பாருங்கள். எல்லாம் கேள்வித்தாள்கள். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஆங்கிலம் கற்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக நான்கு மாதமாக ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை இவை.

இதில் ஒரு தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். தெரிகிறதா? 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு. அடிக்கோல் வைத்துப் போட்டிருக்கிறான். ஏழாவது கேள்வி, 'ஆங்கில வகுப்பு எனக்குப் பிடிக்கும்.' உடன்படுகிறான். பத்தொன்பதாவது, 'ஆங்கில வகுப்பு எனக்குச் சலிப்பூட்டுகிறது.' அதற்கும் முற்றிலும் உடன்படுகிறான்.

இந்தத் தாளைப் பார்த்த சக ஆய்வாளர் ஒருவர், "இந்தக் காலத்து மாணவர்களுக்கு ஆய்வில் அக்கறையே இல்லை" என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனது ஆறவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

இந்தத் தாள் வந்த வகுப்பில் அன்று நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். மதிய உணவுக்குப் பத்து நிமிடம் இருந்தது. பேராசிரியர் வாசலில் நின்றுகொண்டு, "எல்லோரும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார், எனக்கு உதவுகிறோம் என்ற நினைப்பு அவருக்கு. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் என் பக்கம் குனிந்து, "நிரப்பித்தான் ஆக வேண்டுமா, அக்கா?" என்று கேட்டாள். வேண்டியதில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் தாள்கள் தேவைப்பட்டன. பேராசிரியர் முன்னால் எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் இருந்தது. சும்மா சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் உறுத்துகிறது.

ஆகவே அடிக்கோல் போட்ட பையன் பொய் சொல்லவில்லை. பசிக்கிறது, விடுங்கள் என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறான். படிக்கத் தெரியாதது எனக்குத்தான்.

'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை போகும் இந்த ஐந்து கட்ட அளவுகோலை உருவாக்கியவர் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்கர். 1932இல் வெளியிட்டார். மனப்பான்மையை எண்ணாக மாற்ற அது நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'ஆங்கில வகுப்பு பிடிக்காது' என்று டிக் அடிக்க யாருக்குத் துணிவு வரும்? தாளில் பெயர் எழுத வேண்டாம் என்றாலும், கையெழுத்து தெரியும், பேனா நிறம் தெரியும், யாருக்குப் பின்னால் யார் கொடுத்தார்கள் என்பதும் தெரியும்.

கேள்விகளிலும் கோளாறு இருக்கிறது. மொழி கற்கும் மனப்பான்மையைப் பற்றிய ஆய்வு என்றால் கனடாவின் உளவியலாளர்கள் ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பெர்ட் ஆகிய இருவரைத் தொடாமல் போக முடியாது. 1959இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை மாண்ட்ரியலில் பிரெஞ்சு படித்த பள்ளி மாணவர்களைப் பற்றியது. அங்கே ஆங்கிலம் பேசும் பையனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பிரெஞ்சு பேசுபவர் இருப்பார். அந்த மக்களோடு பழகுவதற்காக மொழி படிக்கிறாயா, வேலைக்காகப் படிக்கிறாயா என்று அவனைக் கேட்பதில் பொருள் உண்டு. அந்த வழியில் வந்த கேள்வி ஒன்றை நானும் தமிழாக்கி வைத்திருந்தேன்: 'ஆங்கிலம் பேசும் மக்களோடு நட்பாகப் பழக விரும்புகிறேன்.' முசிறிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஒரு பையன் எழுந்து கேட்டான், "மேடம், ஆங்கிலம் பேசும் மக்கள் என்றால் யார்? வெள்ளைக்காரர்களா, சென்னைக்காரர்களா, எங்கள் வகுப்பில் மெட்ரிகுலேஷனில் படித்துவிட்டு வந்தவர்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டதுதான் ஆய்வு. அந்தக் கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் கேட்டதை என் ஆய்வேட்டில் தனி இயலாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கறை இல்லாதவன் எழுந்து நின்று அப்படி ஒரு கேள்வி கேட்பானா?

அடுத்து, ஒலிப்பதிவு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தொட்டியம் பக்கத்து மாணவி ஒருத்தி பேட்டிக்கு ஒப்புக்கொண்டாள். வீட்டில் வாழை விவசாயம். கைப்பேசியில் பதிவைத் தொடங்கியதும் அவள் முதுகு நிமிர்ந்தது. "நான் நாள்தோறும் கல்லூரிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருக்கின்றேன்" என்று ஆரம்பித்தாள். பேச்சுப் போட்டி மேடையில் நிற்பதைப் போல ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வைத்து எடுத்தாள். அவள் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் ஒப்பித்தாள். நன்றி சொல்லிப் பதிவை நிறுத்தினேன்.

பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் பேச்சு வந்தது. முந்தைய வாரம் அடித்த காற்றில் பூவன் வாழை சாய்ந்த கதை. முட்டுக்கொடுத்த கழியோடு சேர்ந்து மரம் விழுந்ததும், தார் முற்றாத நேரமென்பதால் வியாபாரி வாங்க மறுத்ததும், அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்ததும் அருவி மாதிரி கொட்டின. இடையிடையே ஆங்கிலம் வேறு. 'லோன்' என்கிறாள், 'இன்சூரன்ஸ்' என்கிறாள், 'ரிஜெக்ட்' என்கிறாள். எந்தச் சூழலில் ஆங்கிலம் அவளுக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது. கைப்பேசி என் கையிலேயே இருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும்.

மொழியியலில் இந்தச் சிக்கலுக்கு 'பார்ப்பவர் முரண்' (observer's paradox) என்று பெயர் கொடுத்தவர் வில்லியம் லபோவ். யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், கவனித்தால்தான் அறிய முடியும். அவரே 1962இல் நியூயார்க் பல்பொருள் அங்காடிகளில் வாடிக்கையாளர் போலப் போய், நான்காவது மாடியில் உள்ள பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டு, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடையில் விற்பனையாளர்கள் 'ர்' ஒலியைச் சொல்கிறார்களா விழுங்குகிறார்களா என்று குறித்துக்கொண்டார். ஆய்வுக்கு உட்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அது இரண்டு சொல், மாடியின் எண். ஒரு பெண் தன் அப்பாவின் மௌனத்தை என்னை நம்பிச் சொல்வதையும் அதையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். பதிவு செய்யவில்லை. மறுவாரம் போய், "அன்று சொன்ன வாழைக் கதையை ஆய்வுக்காக இன்னொரு முறை சொல்வாயா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அக்கா" என்றாள். அப்பா சம்மதித்தார். இரண்டாவது முறை சொன்னபோது முதுகு நிமிரவில்லை.

சம்மதம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும், 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கையைப் படித்திருக்கிறேன், தேர்விலும் எழுதியிருக்கிறேன். மனிதரை மதிப்பது அதன் முதல் கொள்கை. ஆனால் நான் கொடுத்துக்கொண்டிருந்த சம்மதப் படிவம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் தடுமாறும் மாணவர்களைப் பற்றிய ஆய்வுக்கு ஆங்கிலத்தில் சம்மதப் படிவம்! இப்போது அரைப் பக்கத் தமிழ். விருப்பமில்லை என்றால் போகலாம், பாதியில் நிறுத்தலாம், மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆசிரியரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இதை வாசிக்கிறேன். முதல்முறை வாசித்தபோது நான்கு பேர் எழுந்து போனார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களில் ஓரத்திலெல்லாம் எழுத்து. 'இந்தக் கேள்வி புரியவில்லை.' 'பிடிக்கும், ஆனால் பேசும்போது யாராவது திருத்தினால் அழுகை வரும்.' அடிக்கோல் கோடு ஒன்றுகூட இல்லை.

நீங்கள் மாணவராக இருந்து இதைப் பார்க்கிறீர்கள் என்றால் உங்களிடமும் ஒன்று கேட்க இருக்கிறது. உலகத்து மனித நடத்தை ஆய்வுகளில் பெரும்பகுதி மேலை நாட்டுக்காரர்களை, அதிலும் நிறையக் கல்லூரி மாணவர்களை வைத்தே நடக்கிறது என்று ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்கள் இருவரும் 2010இல் சுட்டிக்காட்டினார்கள். நாம் பேசாத இடத்தில் அவர்கள் விடைதான் நம் விடையாக நிற்கும். ஆகவே நேர்மையாகக் கேட்பவருக்கு நேரம் கொடுங்கள். யார் கேட்கிறார்கள், எதற்கு, எங்கே வைப்பார்கள் என்று விசாரித்துவிட்டே கொடுங்கள். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்க மக்களின் குரல் பதிவுகளைச் சேர்க்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழுக்கும் குரல் கொடுக்கலாம்; நானும் வாசித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தொகுப்பை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் 'ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்' என்று வரும் படிவத்தில் அறுபது கேள்வி இருந்தால், ஐந்தாவது நிமிடத்தில் மூடிவிடுங்கள். தவறே இல்லை.

ஒருவர் கேட்டது மட்டும் மனதில் நிற்கிறது. முசிறிப் பக்கத்துக் கல்லூரியில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "போன வருடமும் ஒருவர் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார். என்ன கண்டுபிடித்தார்?" என்றார் ஒரு மாணவர். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அதனால் வியாழக்கிழமை அந்த அடிக்கோல் வகுப்புக்குத் திரும்பிப் போகிறேன். இதோ, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன்: உங்கள் தாள்களிலிருந்து என்ன தெரிந்தது, எதைத் தூக்கி எறிந்தேன், ஏன் எறிந்தேன். பேராசிரியரிடம் பேசிவிட்டேன்; உணவு இடைவேளைக்குப் பிறகு அரை மணி நேரம் தருகிறார். தாளில் பெயர் இல்லாததால் கோடு போட்டவன் யார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். மூன்றாவது வரிசைப் பெண்ணை மட்டும் அடையாளம் தெரியும். அவளுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

இருட்டிவிட்டது, கேமராவில் என் முகம் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். போய்விட்டு வந்து பேசுகிறேன். வணக்கம்.