உள்பைக்குள் கைவிட்டுப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம். பழைய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் சிவப்புக் கோட்டு ஏலத்துக்கு வந்தால், எல்லார் கண்ணும் மார்புக்கும் சரிகைக்கும் போகும். நான் முதலில் கைவிடுவது உள்பைக்குள். தையல் கடைச் சீட்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நல்ல காலம் இருந்தால், மையில் எழுதிய ஒரு பெயரும் தேதியும் கிடைக்கும்.

கோட்டில் பெயர் எதற்கு? சிப்பாய்க்கு உடுப்பு அரசாங்கச் செலவு. அதிகாரியோ சொந்தக் காசில், தான் நம்பிய தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டார். காலாட்படையிலும் குதிரைப்படையிலும் 1871 வரை பதவியையே விலைக்கு வாங்கினார்களே, கோட்டு எம்மாத்திரம்!

காலத்தைக் கண்டுபிடிக்கக் காலரைப் பாருங்கள். 1855-ல் வால் வைத்த கோட்டு போய், வாலில்லாமல் சுற்றிலும் ஒரே நீளமாய்த் தொங்கும் 'ட்யூனிக்' வந்தது. கிரீடமும் நட்சத்திரமுமான பதவிக் குறிகள் அதன் காலரில் இருந்தன. 1880-ல் அவை தோளுக்கு ஏறின. மறு வருஷம் ஜூலையில் ரெஜிமென்டுகளின், அதாவது காலாட்படைப் பிரிவுகளின், பழைய எண்கள் போய், வட்டாரப் பெயர்கள் வந்தன. காலருக்கும் கைமடிப்புக்கும் இங்கிலாந்துக்காரர்களுக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை, 'ராயல்' பட்டம் பெற்றவர்களுக்கு நீலம். ஆக, ரெஜிமென்டின் எண் போட்ட பொத்தானும் தோளில் நட்சத்திரமும் ஒன்றாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்: இரண்டும் சேர்ந்திருந்த காலம் மிகக் குறைவு.

யோசியுங்கள் என்றுதான் சொன்னேன், ஒதுக்குங்கள் என்று சொல்லவில்லை. இங்கேதான் மற்ற சேகரிப்பாளர்களோடு எனக்கு ஓயாத வழக்கு. மாற்றித் தைத்தது என்றாலே விலையைப் பாதியாக்கிவிடுகிறார்கள். காலரில் பிரித்த தையலின் துளைகள், பதவிக் குறியைத் தாங்கத் தோளில் பிறகு தைத்த கயிறு: புதுக்கோட்டுக்குச் செலவழிக்க மனமில்லாமல் பழையதையே ஒப்பேற்றிய ஒரு ஆள் அதில் தெரிகிறார். பெட்டியிலேயே கிடந்த கோட்டில் அவர் எங்கே தெரிகிறார்?

வியாபாரி கைவைத்தது வேறு சங்கதி. பொத்தானைச் சற்றே நகர்த்துங்கள். வெயில் படாத துணி, அடியில் வட்டமாக நல்ல சிவப்பாய் இருக்கும். வட்டம் ஒரு அளவு, பொத்தான் வேறு அளவு என்றால் கேள்வி கேளுங்கள். புற ஊதா விளக்கு கொண்டுபோனால் இன்னும் சுலபம்: இந்தக் காலத்து நூல் பல சமயம் நீலமாய்ப் பளீரென்று ஒளிரும்.

மேசையில் ஒரு கோட்டு வைத்திருக்கிறேன். கை கழுவிவிட்டு வந்து பாருங்கள். சரிகைக்கு என்ன பாலிஷ் போடலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். தேய்த்தால் போவது அழுக்கல்ல, பொன்முலாம்.