மூன்றாம் வகுப்பில் முதல் வயலின்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்கு ஒரு வாத்தியம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற ஆசை தில்லித் தமிழ்க் குடும்பங்களில் குறையவே இல்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜனக்புரியிலிருந்து ராமகிருஷ்ணபுரம் வரை பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே, ஆரம்ப வகுப்பிலேயே தொடங்க முடியும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளானாலும் சரி, வேறு பள்ளிகளானாலும் சரி, தேவைப்படுபவை ஒன்றுதான். வயலினை வைத்து அதைச் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை ஆறு மாதத்தில் வயலினை மூலையில் வைத்துவிட்டால், "இவனுக்கு ஞானம் இல்லை" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறோம். அந்த வயலினை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அளவு பெரியதாக இருக்கும், சுருதி கலைந்திருக்கும், அல்லது வில்லில் தேய்க்கும் ரோசின் என்ற பிசின் கட்டி ஏறியிருக்கவே இருக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது கருவியின் கோளாறு என்று தெரியாது. தனக்கு வரவில்லை என்றே நினைத்துக்கொள்ளும். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவு. முழு அளவு வயலினை வாங்கி, "வளர்ந்தாலும் உதவும்" என்று கொடுப்பது நம் வழக்கம். சட்டைக்கு அது சரி, வயலினுக்கு ஆகாது. காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். நம் முறையில் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை என்ற ராகத்தில்தான் தொடங்குகிறது. புரந்தரதாசர் வகுத்ததாக வழங்கும் வழி அது. அந்த ராகத்தில் ரி என்ற ரிஷபம் ஸ என்ற ஷட்ஜத்தை ஒட்டி இருக்கிறது, க என்ற காந்தாரம் தள்ளி நிற்கிறது. ரிஷபத்தில் ஆள்காட்டி விரலை வைத்துக் காந்தாரத்துக்கு நடுவிரலை நீட்ட வேண்டும். முழு அளவு வயலினில் அந்த இடைவெளி ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். முக்கால், அரை, கால் என்பவை பிள்ளைகளுக்கான சிறிய வயலின்களின் பெயர்கள். அரை அளவில் அது 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், கால் அளவில் 4-க்கும் கொஞ்சம் குறைவு. பெரிய வயலினில் பிள்ளையின் நடுவிரல் எட்டாது. காந்தாரம் தாழ்ந்தே விழும். ஆசிரியர் "அபஸ்வரம், அபஸ்வரம்" என்று எத்தனை முறை திருத்தினாலும் அந்த விரல் நீளப் போவதில்லை.

தையல் டேப் ஒன்று போதும். பிள்ளை இடது கையைப் பக்கவாட்டில் முழுக்க நீட்டட்டும். கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்துகொள்ளுங்கள். 47 முதல் 51 சென்டிமீட்டர் என்றால் கால் அளவு. 51 முதல் 56 வரை அரை அளவு. 56 முதல் 60 வரை முக்கால். இரண்டுக்கும் நடுவில் வந்தால் சிறியதையே எடுங்கள். பத்துப் பிள்ளைகள் கொண்ட மூன்றாம் வகுப்புக் குழுவுக்குப் பள்ளி வாங்கி வைப்பதானால், கால் அளவில் நான்கு, அரை அளவில் ஏழு, முக்காலில் ஒன்று என்று பன்னிரண்டு இருந்தால் சமாளிக்கலாம். அதில் இரண்டு மாற்றுக்கு. ஓர் ஆசிரியருக்குப் பத்துப் பிள்ளைக்கு மேல் வேண்டாம். நாற்பது வயலினுக்குச் சுருதி சேர்த்து முடிக்கும்போது மணி அடித்துவிடும்.

புது வயலின் பெட்டியிலிருந்து வந்தவுடன் வாசிக்கத் தயாராக இருக்காது. தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் என்ற சிறு மரத்துண்டு தனியாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். அதை இரண்டு எஃப் வடிவத் துளைகளின் உள்பக்க வெட்டுகளுக்கும் நேராக நிறுத்த வேண்டும். பிரிட்ஜின் வால்பக்கம் பார்த்த முகம் செங்குத்தாக இருக்க வேண்டும். தந்தியை முறுக்க முறுக்கப் பிரிட்ஜின் தலை விரல்பலகைப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். பார்க்காமல் விட்டால் ஒரு நாள் படீரென்று விழும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சி சாய்ந்துவிடலாம். சாய்ந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் என்ற சிறு திருகு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். சிறிய வயலினில் தந்தி சுற்றிய முறுக்காணியான பெக்கைத் துளி திருப்பினாலும் சுருதி நிறைய நகர்ந்துவிடும்.

புது ரோசின் கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். அப்படியே தேய்த்தால் வில்லில் ஒட்டாது, வில்லும் தந்தியில் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். மேல்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டுத் தேயுங்கள். வில்லை முறுக்கும்போது கம்புக்கும் அதில் கட்டிய முடிக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். வாசித்து முடித்ததும் தளர்த்திவிட வேண்டும். முடியை விரலால் தொடக் கூடாது. எண்ணெய் பட்ட இடம் தந்தியைப் பிடிக்காது.

ஷட்ஜத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். சுருதிக்கு 5 கட்டை நல்ல தேர்வு. கடையில் கிடைக்கும் தந்திகளை ஜி, டி, ஏ, இ என்ற மேற்கத்திய ஸ்வரங்களுக்குத்தான் கட்டியிருப்பார்கள். 5 கட்டை என்பது ஜி. தடித்த நான்காம் தந்தி அப்படியே ஷட்ஜம், மூன்றாம் தந்தி பஞ்சமம். இரண்டாம் தந்தியை ஏ-யிலிருந்து ஜி-க்கும், முதல் தந்தியை இ-யிலிருந்து டி-க்கும் இறக்கினால் ஸ-ப-ஸ-ப வந்துவிடும். பிள்ளைகளின் குரலுக்கும் இது பொருந்தும், வாசிப்பதைப் பாடவும் முடியும். பள்ளியில் ஹிந்துஸ்தானி ஆசிரியர் ஹார்மோனியத்தோடு இருந்தால் அவரிடம் "சஃபேத் பாஞ்ச்", அதாவது ஐந்தாம் வெள்ளைக் கட்டை, என்று கேளுங்கள். அதே ஷட்ஜம்தான்.

எப்போது தொடங்குவது என்பதைத் தில்லி வானிலை பாதி தீர்மானிக்கிறது. ஏப்ரலில் பள்ளி திறந்ததும் வயலினைக் கையில் கொடுத்தால், மே நடுவில் விடுமுறை வந்துவிடும். பிள்ளை ஊருக்குப் போய்விடும், ஜூலையில் எல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும். ஏப்ரலிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் சரளி வரிசையைப் பாட்டாகவும் தாளமாகவும் சொல்லிக்கொடுங்கள். ஹங்கேரியின் இசையமைப்பாளரும் இசைக் கல்வியாளருமான ஜோல்தான் கோடாய் வலியுறுத்தியதும் இதைத்தான்: முதலில் குரல், பிறகு கருவி. நம் ஆசிரியர்களும் வாயில் வராத ஸ்வரம் கையில் வராது என்பார்கள். செப்டம்பர் கடைசியில் கைகளை அளந்து, விஜயதசமி அன்று வயலினைக் கொடுங்கள். மழை முடிந்திருக்கும், ஹீட்டர் இன்னும் போட்டிருக்க மாட்டோம். பெக் இறுகவும் செய்யாது, வழுக்கவும் செய்யாது.

முதல் இரண்டு வாரம் பென்சிலைப் பிடித்தே வில் பிடிக்கப் பழகட்டும். கட்டைவிரல் மடங்கி இருக்கிறதா, சுண்டுவிரல் மேலே வளைந்து நிற்கிறதா என்று ஒவ்வொரு கையாகப் பாருங்கள். பிறகு ஒரு மாதம் விரல் வைக்காத தந்திதான். வில்லின் நடுப்பகுதியில், வில்லை ஒரு முறை இழுக்க நான்கு எண்ணிக்கை, பிரிட்ஜுக்கு இணையாக. வில் விரல்பலகைப் பக்கம் நழுவினால் ஓசை மெலியும். அழுத்தி மெதுவாக இழுத்தால் கரகரக்கும். இந்த இரண்டையும் பிள்ளையே காதால் அடையாளம் சொல்லும்வரை ரிஷபத்துக்குப் போகாதீர்கள். விரல்பலகையில் ஸ்வர இடத்துக்கு மெல்லிய டேப் ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். சில வாரங்களுக்கு ஒட்டலாம், பிறகு எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் கண்தான் வாசிக்கும், காது தூங்கிவிடும்.

வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைவிட அரை மணியாக இரண்டு பீரியடு நல்லது. வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். ஆனால் சுருதி சேர்ப்பது பெற்றோர் பொறுப்பு. கைபேசி டியூனரைப் பார்த்துச் செய்ய அம்மாவோ அப்பாவோ ஒரே பீரியடில் கற்றுக்கொள்ளலாம். அதற்காக முதல் மாதத்தில் ஒரு வகுப்புக்குப் பெற்றோரைக் கட்டாயம் அழையுங்கள்.

மற்ற வாத்தியங்களைப் பற்றிச் சுருக்கமாக. புல்லாங்குழலுக்கு முன்பற்கள் விழுந்து முளைத்திருந்தால் நல்லது. ஆரம்பத்தில் ஊதினால் தலை சுற்றும், இரண்டிரண்டு நிமிடமாக ஊதட்டும். மிருதங்கத்தில் இடப்பக்கமான தொப்பிக்குப் போட்ட ரவையை வாசித்து முடித்ததும் சுரண்டி எடுக்காவிட்டால் தோல் கெடும். கீபோர்டு ஸ்வர இடம் புரிய உதவும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் அதில் வராது.

ஜனவரிக் குளிரில் ஹீட்டர் அறையை உலர்த்திவிடும், பெக் தானாக அவிழும். பெட்டியை ஹீட்டருக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் வையுங்கள். கோடையில் கூலர் காற்று படும் இடத்திலும், வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்க வேண்டாம். சூட்டில் பசை இளகி விளிம்பு பிரியும், வாசிக்கும்போது ஒரு ரீங்காரம் கேட்கும். அந்த ரீங்காரம் கேட்டால் ஃபெவிகால் போடாமல் கடைக்கு எடுத்துப் போங்கள், பழைய முறைப் பசையால் ஒட்டிக்கொடுப்பார்கள். ஏப்ரலில் எல்லாப் பிள்ளைகளின் கையையும் மறுபடி அளந்து, அளவு மாறியவர்களின் வயலினை அடுத்த மூன்றாம் வகுப்புக்கு ஒதுக்கி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.