டிராஃப்ட் சிமுலேட்டரில் ஒரு வீரர் 144ஆம் இடம்வரை சரிவாரா?

[திரை: 2025 என்எஃப்எல் டிராஃப்ட் பட்டியல், 144ஆம் வரி ஒளிர்கிறது]

வணக்கம். அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில், கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் வீரர்களை 32 அணிகள் ஏழு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன; இதுவே டிராஃப்ட். ஏலம் கிடையாது; முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கே முன்னுரிமை. 2025இல், பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கான ஷெடூர் சாண்டர்ஸ் முதல் சுற்றிலேயே தேர்வாவார் என்று பலரும் கணித்திருந்தனர். ஆனால் அவர் ஐந்தாம் சுற்றில், 144ஆவது ஆளாக, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்குச் சென்றார். அதே அணி 94ஆம் இடத்தில் டில்லன் கேப்ரியல் என்ற வேறொரு குவார்ட்டர்பேக்கை ஏற்கெனவே எடுத்திருந்தது.

டிராஃப்டைக் கணினியில் ஒத்திகை பார்க்க நீங்கள் உருவாக்கும் சிமுலேட்டரில் இப்படியொரு சரிவு நிகழ வாய்ப்பே இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் தற்செயல் எண்ணைச் சேர்க்கும் இடத்தில்தான் இருக்கும்.

[திரை: ஒரே தரவரிசை, ஒவ்வொரு முறையும் உருளும் தாயக்கட்டை]

எளிய நிரல் ஒன்று, எல்லா அணிகளுக்கும் பொதுவான ஒரே தரவரிசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேர்வின்போதும் வீரர்களின் மதிப்பெண்ணோடு புதிதாக ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டி, முதலில் வருபவரை எடுத்துவிடும். ஓர் அணி கைவிட்ட வீரருக்கு அடுத்த அணியின் முறையில் தாயம் மீண்டும் உருட்டப்படுவதால், ஐந்தாறு முறைக்குள் அவருக்கு நல்ல எண் விழுந்துவிடுகிறது. எவரும் வெகுதூரம் சரிவதில்லை.

ஆகவே தாயத்தை டிராஃப்ட் தொடங்கும் முன்பே, இரண்டு பங்காக உருட்ட வேண்டும். ஒரு பங்கு எல்லா அணிகளுக்கும் பொதுவானது: காயம் பற்றிய ஐயம், நேர்காணலில் ஏற்பட்ட எண்ணம் போன்றவை. மற்றொன்று ஒவ்வோர் அணிக்கும் உரிய தனிக் கணிப்பு. இரண்டையும் இறுதிவரை மாற்றக் கூடாது. பொதுப் பங்கு ஒரு வீரருக்குப் பாதகமாக விழுந்தால், 32 பட்டியல்களிலும் அவர் ஒருசேரக் கீழே இறங்குவார்.

அணியின் தேவையையும் கண்டிப்பான விதியாக்கிவிடக் கூடாது. 2024 மார்ச்சில் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸை நான்காண்டு ஒப்பந்தத்தில் சேர்த்த அட்லாண்டா ஃபால்கன்ஸ், அடுத்த மாதமே 8ஆம் இடத்தில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது.

[திரை: ஜிம்மி ஜான்சன் மதிப்பு அட்டவணை]

அடுத்தது, அணிகள் தங்கள் தேர்வு இடங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும் பரிமாற்றம். 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில், பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான, ஒவ்வொரு தேர்வு இடத்துக்கும் மதிப்புப் புள்ளி தரும் இந்த அட்டவணையில் முதல் இடத்துக்கு 3000 புள்ளிகள். 31ஆம் இடத்துக்கு 600. கூட்டல் கணக்கை மட்டும் நம்பும் நிரல், முதல் சுற்றின் கடைசித் தேர்வுகள் ஐந்தாறு கிடைத்தாலே முதல் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். எந்தப் பொது மேலாளரும் அதற்கு இசையமாட்டார் என்பதால், தரப்படும் தேர்வுகளில் ஒன்றாவது உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவசியம்.

2023இல் கரோலினா பேந்தர்ஸ், சிகாகோ பேர்ஸிடம் முதல் இடத்தைப் பெற 9, 61ஆம் தேர்வுகளைக் கொடுத்தது. இவை 1350உம் 292உம் சேர்ந்து 1642 புள்ளிகளே. மீதியை ஈடுகட்டியவை 2024இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, டி.ஜே. மூர் என்ற வீரர் ஆகியவை. வருங்காலத் தேர்வுகளையும் ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களையும் ஏற்காத சிமுலேட்டரில் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக்கூட இயலாது.

[திரை: ஆயிரம் ஓட்டங்களில் ஒரே வீரர் பெற்ற இடங்கள், புள்ளிகளாக]

திருத்தியபின், டிராஃப்டுக்கு முந்தைய 2025 தரவரிசையைக் கொடுத்து, ஆயிரம் முறை ஓட்டிப் பாருங்கள். சாண்டர்ஸ் பெற்ற இடங்கள் யாவும் முதலிரு சுற்றுகளுக்குள்ளேயே நெருங்கிக் கிடந்தால், பொதுப் பங்கின் அளவை இன்னும் சற்று உயர்த்தி, மறுபடியும் ஓட்டுங்கள்.