புது கேமிங் லேப்டாப்: கேம் போடும் முன் ஒரு மணி நேரம்

வணக்கம். பெட்டியைப் பிரித்தாயிற்று. கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரிவதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், உடனே ஒரு பெரிய கேமை டவுன்லோடுக்குப் போடத் தோன்றும். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் முழுவதும் இந்த மெஷினுக்குள் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பகுதி பூட்டியே வரும். திறந்துவிட வேண்டியது நாம்தான்.

(காட்சி: இருட்டான அறை, லேப்டாப் திரை முழுக்கக் கறுப்பு)

முதலில் கண்ணால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறப் படமாகத் திரை முழுக்க வைத்துப் பாருங்கள். எங்காவது ஒரு புள்ளி நிறம் மாறாமல் நிற்கிறதா? ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா? குறை ஏதாவது இருந்தால் இன்றைக்கே தெரிந்தால்தான் மாற்றித் தரச் சொல்ல முடியும். எல்லா போர்ட்டிலும் எதையாவது செருகிப் பாருங்கள். சீரியல் நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து சார்ஜர். கூடவே வந்த அந்தக் கனமான சார்ஜரைத்தான் செருக வேண்டும். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 100 வாட்டுக்கு மேல் கேட்கலாம், பிராசஸர் கேட்பது தனி. டைப்-சி சார்ஜரில் 65 வாட்டோ 100 வாட்டோதான் வரும் என்றால் பேட்டரி ஏறும், கேம் திணறும். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஆடினால் வேகம் குறைவதும் இதனால்தான். பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து தர முடியாது, அதனால் லேப்டாப் தன்னையே அடக்கிக்கொள்கிறது. அது பழுது இல்லை.

சரி, விண்டோஸ் அப்டேட். ஒரு தடவை ஓட்டினால் போதாது. ரீஸ்டார்ட் செய்து மறுபடி தேடுங்கள், இனி ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை. அதன் பிறகு லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புது பயாஸ், அதாவது ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள், வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும், பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். யாரும் உங்களைக் கேட்பதில்லை. பயாஸ் மாறிய பிறகு ஆன் செய்தால் சில சமயம் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தக் கீ இருக்கும். அது இருக்கிறதா என்று போனில் திறந்து பாருங்கள், ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். அப்புறம் பயாஸ் அப்டேட்டைத் தொடுங்கள். அது முடியும்வரை சார்ஜர் செருகியே இருக்கட்டும், பவர் பட்டன் பக்கம் கை போகவே கூடாது.

டிரயலாக வந்த ஆன்டிவைரஸைத் தாராளமாக நீக்கிவிடலாம், விண்டோஸோடு வரும் பாதுகாப்பே போதும். ஆனால் லேப்டாப் கம்பெனியின் கன்ட்ரோல் ஆப்பை நீக்காதீர்கள். ஃபேன் வேகம், பர்ஃபார்மன்ஸ் மோட், சார்ஜ் வரம்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

(காட்சி: மவுஸ் பாயின்டர் வேகமாக வட்டமடிக்கிறது)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம், ரெஃப்ரெஷ் ரேட். திரை ஒரு நொடியில் எத்தனை தடவை படத்தை மாற்றுகிறது என்பதுதான் அது, ஹெர்ட்ஸ் என்று சொல்வார்கள். என் தம்பி 144 ஹெர்ட்ஸ் திரை வேண்டும் என்று தேடித் தேடி வாங்கினான். அஞ்சாறு மாதம் கழித்து நான் பார்த்தபோது அது 60-இல் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளும் அவன் பாதி வேகத்தைக்கூடப் பார்க்கவில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய், அங்கே இருக்கும் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் சுமார் 16.7 மில்லிசெகண்டு திரையில் நிற்கும், 144-இல் 6.9 தான். மாற்றும் முன்பும் பின்பும் மவுஸை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். முன்பு பாயின்டர் விட்டு விட்டுத் தெரியும், மாற்றிய பிறகு இடைவெளி நெருங்கி வழுக்கிக்கொண்டு போகும். அந்த வித்தியாசத்துக்கு எண் எதுவும் தேவையில்லை, கண்ணுக்கே தெரியும்.

உங்கள் லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். பிராசஸருக்குள் சின்னது ஒன்று, தனியாகப் பெரியது ஒன்று. கேம் சில சமயம் தவறிப்போய் சின்னதில் ஓடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கேம் ஓடும்போது எந்த ஜிபியு, அதாவது எந்த கிராபிக்ஸ், உழைக்கிறது என்று அங்கே பாருங்கள். சின்னதுதான் என்றால், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், அந்த கேமுக்கு ஹை பர்ஃபார்மன்ஸ் என்று வைத்துவிடுங்கள். மக்ஸ் ஸ்விட்ச் உள்ள மாடல் என்றால் பெரிய கார்டை நேரடியாகத் திரையோடு இணைக்கலாம். கேமில் வேகம் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

டாஸ்க் மேனேஜரை மூடிவிடாதீர்கள். மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று ஒரு வரி இருக்கும். இரண்டில் ஒன்று என்று காட்டினால் உங்கள் ரேம் ஒற்றைக் குச்சியாக, 64 பிட் அகலத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். அதே மாதிரி இன்னொன்றைப் போட்டால் 128 பிட், தரவு போகும் பாதை இரண்டு மடங்கு அகலமாகும். பிராசஸரை நம்பி ஓடும் கேம்களில் இது நன்றாகத் தெரியும். கையில் காசு இருந்தால் முதலில் செய்ய வேண்டிய அப்கிரேடு என் கணக்கில் இதுதான். ரேம் போர்டோடு ஒட்டி வந்த மாடலா என்பதை மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் மேசையில் சார்ஜரோடுதான் ஆடுவீர்கள் என்றால் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். நூறிலேயே சூட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். மெத்தை மேல் வைத்து ஆடவே வேண்டாம், காற்று இழுக்கும் வழி அடியில்தான் இருக்கிறது. பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டால் பயப்படாதீர்கள், அதைத் தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள்.

(காட்சி: தாளும் பேனாவும்)

இப்போது கேமைப் போடுங்கள். இருபது நிமிடம் ஆடிய பிறகு, சராசரி எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் கேம் காட்டும் படங்களின் எண்ணிக்கை), பிராசஸர் சூடு, கிராபிக்ஸ் சூடு மூன்றையும் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து லேப்டாப் மந்தமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், அதே கேமை அதே செட்டிங்கில் ஓட்டி, இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் இறங்கி சூடு ஏறியிருந்தால், முதலில் ஃபேனில் தூசி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.