கங்கா ஏன் பிரபுவையே தேடிப் போனா? (உங்க சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்வி. வேளச்சேரில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க, கொஞ்சம் நீளமா இருக்கு, அப்படியே படிச்சுடுறேன். "அண்ணா, நீங்க போன வீடியோல சொன்னீங்கன்னு ஜெயகாந்தனோட சில நேரங்களில் சில மனிதர்கள் வாங்குனேன். பாதிக்கு மேல போக முடியல, செம்ம கோவம் வருது. தன்னை கெடுத்தவனையே ஒரு பொண்ணு தேடிப் போய் போன் போட்டு பேசிப் பழகுவாளா? இதை லவ்வுன்னு எடுத்துக்கணுமா? என் ரூம்மேட் இதே புக்கை படிச்சுட்டு அழுதா, எனக்கு தூக்கி எறியலாம் போல இருந்துச்சு. ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கு?"

நல்ல கேள்விம்மா. தூக்கி எறியணும்னு தோணுச்சுல்ல, அதுல தப்பே இல்ல. சொல்லப்போனா அந்த நாவல் பொறந்ததே படிச்சவங்க கோவத்துல இருந்துதான்.

அது எப்படின்னா, 1966ல ஆனந்த விகடன்ல அக்னிப் பிரவேசம்னு ஒரு சிறுகதை எழுதுறாரு. மழை, பஸ் ஸ்டாப், காலேஜ் பொண்ணு, ஒரு பெரிய கார் வந்து நிக்குது, அவ ஏறிடுறா, கார்ல இருந்தவன் அவளை கெடுத்துடுறான். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட அழறா. அந்த அம்மா முதல்ல அடிக்கிறா, அப்புறம் சட்டுனு சுதாரிச்சுக்கிட்டு மக தலையில தண்ணியை ஊத்தி, நீ சுத்தமாயிட்ட, இதை யார்கிட்டயும் சொல்லாதன்னு முடிச்சுடுறா. அவ்ளோதான் கதை. ஊர்ல பாதி பேருக்கு அது தாங்கல. அது எப்படி ஒரு சொம்பு தண்ணில கழுவி விட்ருவீங்கன்னு ஒரே சண்டை, கதையோட முடிவை மாத்தி வேற ஆளுங்க எழுதிப் பார்த்ததெல்லாம் கூட நடந்துச்சு. இவரு என்ன பண்ணாரு, சரி, உங்க இஷ்டப்படியே வெச்சுக்கலாம், அந்த அம்மா தண்ணி ஊத்தல, கத்தி ஊரைக் கூட்டிட்டான்னு வெச்சுப்போம், அந்த பொண்ணு கதி என்ன ஆகும்னு பாருங்கன்னு இந்த நாவலை எழுதிட்டாரு. இதுக்குத்தான் 1972ல சாகித்ய அகாடமி விருதும் வந்துச்சு.

இதுல இன்னொரு வேடிக்கை, நாவலுக்குள்ளயே ஆர்.கே.வி.ன்னு ஒரு எழுத்தாளர் வருவாரு, அவர் எழுதுன கதையா அந்த அக்னிப் பிரவேசம் வரும், அதை நம்ம கங்கா, அதான் நாவல்ல அந்த காலேஜ் பொண்ணு, படிப்பா, அவங்க அம்மாவையும் படிக்க வைப்பா. என் அம்மாவும் இப்படி பண்ணியிருக்கலாமேன்னு அவளுக்கு ஓடும். அதாவது வாசகர் கடிதத்தை விட பெரிய வாசகர் ரியாக்‌ஷன் புக்குக்குள்ளயே நடக்குது. (ஒரு நிமிஷம், கீழ குப்பை வண்டி பாட்டு போட்டுட்டு போறான், போகட்டும்... ம், போயிட்டான்.)

இப்ப ரூம்மேட் ஏன் அழுதாங்க, நீங்க ஏன் கோவப்பட்டீங்கன்றதுக்கு வர்றேன். என்கிட்ட ஒரு காப்பி இருக்கு, இதோ, அட்டையே இல்ல, ப்ரவுன் பேப்பர் ஒட்டியிருக்கு பாருங்க. திருவல்லிக்கேணி பாரதி சாலைல, பழைய பைகிராப்ட்ஸ் ரோடு, அங்க பிளாட்பார்ம் கடைல வாங்குனது. ஏதோ லெண்டிங் லைப்ரரி சீல் குத்தியிருக்கு, பேரு அழிஞ்சு போச்சு. உள்ள பக்கத்துக்கு பக்கம் யார் யாரோ எழுதி வெச்சிருக்காங்க. கங்கா அந்த கார்க்காரன் பிரபுவை தேடிப் புடிக்கிற இடம் வருதுல்ல, அங்க ஓரத்துல பென்சில்ல 'வேண்டாம் கங்கா'ன்னு இருக்கு, அதுக்கு கீழயே நீல இங்க்ல வேற கையெழுத்து, 'நீ யாரு சொல்றதுக்கு'. கடைசி பக்கத்துல 'ஆசிரியர் ஒழிக'ன்னு ஒருத்தர், அதுக்கு கீழ 'ஆமாம்'னு ஒருத்தர், அதுக்கும் கீழ ரொம்ப சின்ன எழுத்துல 'இல்லை, இப்படித்தான் ஆகும்'னு ஒருத்தர். நடுவுல ஒரு பால் கணக்கு சீட்டு வேற. இவங்க யாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்கவே மாட்டாங்க. உங்க ஹாஸ்டல் ரூம்ல நடந்த சண்டை அப்பவே நடந்திருக்கு, அவ்ளோதான்.

என் கதையை சொல்றேன், சிரிக்காதீங்க. நான் முதல்ல பார்த்தது படம், 77ல வந்தது, பீம்சிங் எடுத்தது. அதுக்கு லட்சுமிக்கு தேசிய விருது. அதுல பிரபுவா ஸ்ரீகாந்த், அந்த ஆளு பாவமா முழிச்சுக்கிட்டு நிக்கறதை பார்த்துட்டு எனக்கு இது ஒரு சேராத காதல் கதைன்னே பதிஞ்சு போச்சு. இருபது வயசுல நாவலை படிச்சப்ப கூட, ஏண்டா இவன் இவளை கட்டிக்கல, கட்டிக்கிட்டா பிரச்சனை முடிஞ்சுதேன்னு நெனச்சேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு. அவன் அன்னைக்கு கார்ல பண்ணது என்னன்றதையே நான் மறந்துட்டேன் பாருங்க, அவன் நல்லா பேசுறான், தன்னையே திட்டிக்கிறான், பொண்டாட்டி மதிக்கலைன்னு புலம்புறான், அது போதும் நமக்கு, ஆம்பளைன்னா உடனே மன்னிச்சுடுவோம். முப்பதுல படிச்சப்ப கங்கா மேல கோவம். இப்ப நாப்பத்தஞ்சு, இப்ப படிச்சா கங்காவோட அண்ணன் கணேசன் மேலயும், அதை விட அவ மாமா வெங்கு மேலயும்தான் வருது.

லவ்வான்னு கேட்டீங்க. என்னை கேட்டா இல்ல. வெங்கு மாமாவை மறந்துட்டு படிச்சா கங்கா பண்றது புரியவே புரியாது. வீட்டை விட்டு துரத்துன பொண்ணுக்கு அடைக்கலம் குடுத்து படிக்க வெச்ச மனுஷன், ஊருக்கு பெரிய ஆளு, ஆனா கை மட்டும் அவ மேல போய்க்கிட்டே இருக்கும். அவரே சாஸ்திரம் பேசுவாரு, இவ இனிமே எவனுக்கும் பொண்டாட்டியா இருக்க முடியாது, வேணும்னா அந்த கெடுத்தவனையே கண்டுபுடிக்கட்டும்ன்ற மாதிரி ஒரு பேச்சு. அவ அந்த பேச்சை அப்படியே புடிச்சுக்கிட்டா. சரி, கண்டுபுடிச்சு காட்டுறேன்னு கெளம்பிட்டா. நீங்க போன் போட்டாளேன்னு சொன்னீங்கல்ல, அந்த போன் பிரபுவுக்கு இல்லம்மா, மாமாவுக்கு. ஊரே இவ அவனோட வப்பாட்டின்னு பேசுது, ஆனா அவங்களுக்குள்ள அப்படி ஒண்ணுமே நடக்கல, அப்படியும் அவ மறுக்க மாட்டா. அந்த கெட்ட பேரு இருக்கற வரைக்கும்தான் மாமா கிட்ட வராம இருப்பாரு.

ஆனா அது பாதிதான். மீதியை எனக்கு புரிய வெச்சது வேற ஒருத்தங்க. அசோக் நகர்ல ஒரு ஃப்ரெண்ட் வீட்டு மொட்டை மாடில நாங்க பத்து பன்னெண்டு பேரு மாசம் ஒரு தடவை உக்காந்து படிச்சதை பேசுவோம். இந்த புக்கு வந்த அன்னைக்கு ஒரே கூச்சல். ஐடில இருக்கற ஒரு தம்பி, பிரபு முழுக்க ரெட் ஃப்ளாக், ஆசிரியர் அவனை ஹீரோ ஆக்கிட்டாருன்றான், ரிட்டயர் ஆன ஒரு மேடம், அந்த காலத்துல கன்சென்ட்ன்ற வார்த்தையே எங்க காதுல விழுந்ததில்ல, இதை எழுதுனதே பெருசுன்றாங்க, சுண்டல் ஆறிப்போச்சு, யாரும் விடல. ஓரமா உக்காந்திருந்த ஒரு அக்கா, அன்னைக்கு வரைக்கும் வாயே தொறக்காதவங்க, மெதுவா சொன்னாங்க: "அவளுக்கு நடந்ததை அவ வேற யார்கிட்ட பேசுவா? எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாங்க. அவன் ஒருத்தன்கிட்டதான் மறைக்க வேண்டாம்." யாரும் பதில் சொல்லல. அந்த தம்பி கூட தட்டையே பார்த்துட்டு இருந்தான்.

அதுக்கப்புறம் நான் மறுபடி படிச்சேன், அவங்க ரெண்டு பேரும் பேசுற இடமெல்லாம் வேற மாதிரி கேட்டுச்சு. அதுக்காக பிரபுவை மன்னிக்கணும்னு சொல்லல, தன் பொண்ணு மஞ்சுன்னு வரும்போது அவனுக்கு வர்ற பயத்தை பாருங்க, அன்னைக்கு கார்ல இருந்ததும் ஒருத்தர் வீட்டு பொண்ணுதானேன்னு நமக்குத்தான் தோணும். ஆசிரியர் அவனுக்கு கொஞ்சம் இடம் அதிகமாவே குடுத்துட்டாருன்ற உங்க வருத்தம் எனக்கும் உண்டு. அந்த ஐடி தம்பி சொன்னது அந்த அளவுக்கு சரிதான்.

பாதில நிறுத்திட்டேன்னு சொன்னதால முடிவை சொல்லல... சரி, கொஞ்சம் சொல்றேன், வேணாம்னா முப்பது செகண்ட் தள்ளிவிட்டுக்கோங்க. பிரபு ஒரு கட்டத்துல நல்லவனா நடந்துக்கறேன்னு விலகிப் போயிடுவான். அவன் விலகுனதும் கங்கா குடிக்க ஆரம்பிச்சுடுவா. அந்த 'ஆசிரியர் ஒழிக' அதுக்குத்தான். உங்க ரூம்மேட் அழுததும் அங்கதான்னு நெனைக்கிறேன், கேட்டு பாருங்க.

மறுபடி எடுத்தீங்கன்னா முதல்ல அந்த சிறுகதையை படிங்க, ஒரே உக்காரல்ல முடிஞ்சுடும், அப்புறம் நாவல். கங்கை எங்கே போகிறாள்னு இதோட தொடர்ச்சி ஒண்ணு இருக்கு, அதை உடனே தொடாதீங்க, ஒரு ஆறு மாசம் போகட்டும். பிடிக்கலைன்னா விட்டுடுங்க, ஆனா புக்கை எறியாதீங்க, ஓரத்துல பென்சில்ல எழுதி வைங்க.

அடுத்தது பெரம்பூர்ல இருந்து ஒரு சார், புக் ஃபேர்ல எந்த ஸ்டால்ல தள்ளுபடி அதிகம்னு கேக்குறாரு...