நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிய கப்பலும் அமெரிக்கா மூடி வைத்த 1,015 மரணங்களும்: ரோனாவின் கதை

வணக்கம் நண்பர்களே!

1943 நவம்பர் 26. இரண்டாம் உலகப் போர்க் காலம். அல்ஜீரியாவுக்கு வடக்கே மத்தியதரைக் கடல். பொழுது சாயும் நேரத்தில், ராணுவ வீரர்களை ஏற்றிச் செல்லும் ஒரு படைக் கப்பல் மூழ்குகிறது. அதில் இருந்த அமெரிக்க ராணுவ வீரர்களில் 1,015 பேர் அன்று இறந்துபோகிறார்கள். எதிரியின் தாக்குதலில் ஒரே படைக் கப்பலில் அமெரிக்கா இத்தனை ராணுவ வீரர்களைக் கடலுக்குப் பறிகொடுத்தது வேறெப்போதும் இல்லை.

ஆனால் அது அமெரிக்கக் கப்பல் இல்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த கப்பல். பெயர் ரோனா.

[திரையில்: ரோனா, ரஜூலா கப்பல்களின் படங்கள் அடுத்தடுத்து]

ரோனா என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ரஜூலா? மலேயாவுக்குப் போன குடும்பம் என்றால் உங்கள் வீட்டில் அந்தப் பெயர் புழங்கியிருக்கும். இரண்டும் அக்கா தங்கை மாதிரி. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி 1926-ல் இந்த ஓட்டத்துக்காகவே கட்டிய ஜோடி. ரஜூலா கிளாஸ்கோவில் பிறந்தது, ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில். ரோனா 8,602 டன்.

இங்கே என்னை அசர வைத்த விஷயம் ஒன்று. இந்தக் கப்பல்களுக்கு 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. கேபின் பயணிகள் நூற்றுச் சொச்சம் பேர், மற்ற எல்லோரும் டெக்கில்தான். டெக் என்றால் கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் உங்கள் இடம், தலைமாட்டில் தகரப் பெட்டி. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய்த்தான் ஏற வேண்டும். தோட்டத்துக்குப் போன கூலியாட்கள், கடை வைக்கப் போனவர்கள், கைக்குழந்தையோடு கணவனைத் தேடிப் போன பெண்கள் என ஒரு தலைமுறையே இந்த இரண்டு கப்பல்களின் தளத்தில் படுத்துத்தான் அக்கரை போனது. இதைப் படிக்கும்போது எனக்கு மனசு அப்படியே நின்றுவிட்டது.

சரி, போருக்கு வருவோம். 1940-ல் ரோனா படைகளை ஏற்றும் பணிக்கு எடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தை ஏற்றி இறக்கியது. அதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், நமக்கு முக்கியம் 1943 நவம்பர்.

நவம்பர் 25, அமெரிக்கர்களுக்கு நன்றி தெரிவிக்கும் திருநாள். அன்று அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்திலிருந்து கிட்டத்தட்ட 2,000 அமெரிக்க வீரர்களோடு ரோனா புறப்படுகிறது. சூயஸ் வழியாக இந்தியா வரவேண்டிய படை அது. விமான ஓடுதளம் போடும் பொறியாளர் படைப்பிரிவு ஒன்றும் அதில் இருந்தது. மறுநாள் மாலை கான்வாய்க்கு, அதாவது ரோனா சேர்ந்து போன கப்பல் கூட்டத்துக்கு மேலே ஜெர்மன் விமானங்கள் வந்தன.

[திரையில்: ஹென்ஷல் 293 குண்டின் வரைபடம்]

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விமானத்திலிருந்து போட்ட குண்டு என்றால் நேராகக் கீழே விழும் என்றுதான் நினைப்போம். இது விழவில்லை, பறந்து வந்தது. ஹென்ஷல் 293 என்று பெயர். 500 கிலோ குண்டுக்கு இரண்டு இறக்கையும் அடியில் ஒரு ராக்கெட்டும் வைத்தால் எப்படியிருக்கும்? அதுதான். ராக்கெட் சுமார் 10 நொடி எரியும், மீதித் தூரம் மிதந்து வரும். வாலில் ஒரு வெளிச்சம் எரிந்துகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி, விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் கையிலுள்ள சின்னக் குச்சியை அசைக்க, ரேடியோ வழியாகக் குண்டு இடம் வலம் திரும்பும். இன்றைக்கு டிரோன் தாக்கும் வீடியோக்களைப் போனில் பார்க்கிறோம் இல்லையா? அதே யோசனை, 80 ஆண்டுகளுக்கு முன்னால்! அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஆகஸ்டில், பிஸ்கே விரிகுடாவில் எக்ரெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இதே குண்டு மூழ்கடித்திருந்தது. வானத்தில் குண்டு திரும்புவதைக் கப்பலில் நிற்பவன் கண்ணால் பார்த்திருக்கிறான். ஓட இடமில்லை. அந்த நொடியை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

அன்று அந்த கான்வாயில் மூழ்கியது ஒரே கப்பல், ரோனா. குண்டு இடது பக்கம் நுழைந்து எஞ்சின் அறைப் பக்கம் வெடித்தது. வலது பக்கமும் கிழிந்தது. மின்சாரம் போனது. 22 உயிர்காப்புப் படகுகளில் எட்டைத்தான் இறக்க முடிந்தது. அவற்றிலும் பல தண்ணீர் நிரம்பிக் கவிழ்ந்தன. வீரர்களுக்குக் கொடுத்திருந்தது இடுப்பில் கட்டும் காற்றடைத்த பெல்ட். நெஞ்சில் கட்டவேண்டியதை இடுப்பில் கட்டினால் தலை கீழே போகும், கால் மேலே வரும். உயிர் காக்கக் கொடுத்த பெல்டே சிலரைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. கடலும் கொந்தளித்தது, இருட்டும் கவிந்தது. பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் (கடலில் போட்ட கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்) மட்டும் 606 பேரைத் தூக்கியது. மொத்தத்தில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சரி, இத்தனை பெரிய சாவு ஏன் யாருக்கும் தெரியாமல் போனது? குண்டு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்று அமெரிக்க அரசு வாயை மூடிக்கொண்டது. 1944 பிப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு கப்பலோடு போனதை ஒப்புக்கொண்டபோதும் கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. அப்பா அம்மாவுக்கு வந்தது காணவில்லை என்ற தந்திதான். போர்க்காலம் வரை சரி, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் மறைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அலபாமாவில் நினைவுச்சின்னம் வந்தது 1996-ல்தான்.

இப்போது 1,015-ஐத் தாண்டி மிச்சக் கணக்குக்கு வாருங்கள். ரோனாவின் மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். லஸ்கர் என்று அழைக்கப்பட்டவர்கள். அவர்களிலும் நூறு பேருக்கு மேல் அன்று இறந்தார்கள். அமெரிக்காவில் ரோனாவைப் பற்றிப் பேசும்போது இவர்கள் ஒரு வரியில் முடிந்துபோகிறார்கள். போரில் உயிர்விட்ட கிட்டத்தட்ட 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களை எழுதிய நினைவேடு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று மும்பையில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங்கில். கல்லில்கூட இல்லை, ஒரு புத்தகத்தில். நாம் போய்ப் புரட்ட வேண்டிய புத்தகம் அது.

[திரையில்: சென்னைத் துறைமுகத்தில் ரஜூலா]

அப்புறம் தங்கை ரஜூலா? அதுவும் போரில் படைகளை ஏற்றியது. ஆனால் பிழைத்தது. போர் முடிந்து பழைய ஓட்டத்துக்கே திரும்பி, 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. பிறகு இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. 1974-ல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். 48 ஆண்டுகள்!

உங்கள் தாத்தாவோ பாட்டியோ ரஜூலாவில் வந்தவர்களா? போருக்கு முன்னால் ரோனாவில் போனவர்கள் யாராவது உண்டா? டிக்கெட், பாஸ்போர்ட், பெட்டியில் ஒட்டிய லேபிள், எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள். கமெண்டில் ஊர் பெயரோடு எழுதுங்கள். ரோனாவில் போனவர்களின் கதை கிடைத்தால் அடுத்த வீடியோ அதுதான்.